ஐந்தா, பத்தா, பதினைந்தா?

துபாய் தேராவில் உட்கார்ந்து வளைகுடா முழுக்கக் கணக்குப் பார்க்கும் நம்மூர் அக்கவுண்டன்ட்களுக்கு வாட் வரி மூன்று விதம். அமீரகத்தில் 5 சதவீதம், பஹ்ரைனில் 10, சவூதியில் 15. வரிக்காலம் முடிந்த அடுத்த மாதம் 28-ஆம் தேதிக்குள் அமீரக ரிட்டர்னைத் தாக்கல் செய்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து ரியாத்திலிருந்து இன்வாய்ஸ் சந்தேகம் வரும், சென்னையிலிருந்து போன் அழைப்பு வரும். பேசி முடித்து எக்செல்லுக்குத் திரும்பினால், 5 விழ வேண்டிய கட்டத்தில் 15 உட்கார்ந்திருக்கும்.

கவனக்குறைவு என்று மேனேஜர் கடிந்துகொள்வார். ஆனால் குறை ஆளிடம் இல்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவினால் மனதின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெரோய் 2009-லேயே எழுதிவிட்டார்.

இங்கே வார விடுமுறைகூட ஒத்துப்போவதில்லை. 2022 ஜனவரியில் அமீரக அரசு அலுவலகங்கள் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறின; சவூதியில் வெள்ளியும் சனியும்தான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு நடுவிலும் ரியாத் கூப்பிடும்.

வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் அமீரகத்தில் 800 திர்ஹம் அபராதம், 4 கரும்புள்ளி. கணக்கெழுதும்போது தொடாவிட்டால்தான் திட்டு!

ரியாத் கடிகாரம் துபாயைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. காலையில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தையாவது குரூப் மெசேஜ் எதுவும் போடாமல் ரிட்டர்ன் வேலைக்கென்று மேனேஜர்கள் விட்டுக்கொடுக்கலாம். சென்னைக்கு மதியம் பதில் சொன்னால் போதும்.