வீட்டை அளந்த பல்கலைக்கழகமும் எமது வீட்டுத்திட்டங்களும்

2020 ஏப்ரலில் கொழும்பு பண்டாரநாயக்க மாவத்தையில் கொரோனா பரவியபோது, அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேர் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நோயைப் பரப்பியவர்கள் எந்தச் சமூகத்தவர் என்பதே அந்த நாட்களில் முகநூலிலும் சில தொலைக்காட்சிகளிலும் கேட்கப்பட்ட கேள்வி. பல குடும்பங்கள் ஒரே குழாயையும் ஒரே கழிவறையையும் பாவிக்கும் தோட்டங்களில் ‘வீட்டுக்குள் இருங்கள்’ என்ற கட்டளையை எப்படி நிறைவேற்றுவது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. ஜனாஸா எரிப்பு 2021 பெப்ரவரியில் முடிவுக்கு வந்தது. அதைப் பற்றி நாம் நிறையவே எழுதினோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த வீடுகளைப் பற்றி எழுதியது குறைவு.

கேள்வியைச் சமூகத்திடமிருந்து வீட்டின் பக்கம் திருப்பிய ஓர் ஆய்வுக் குழு நியூசிலாந்தில் இருக்கிறது. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் வெலிங்டன் வளாகத்தில் இயங்கும் அதன் மாவோரிப் பெயர் ‘ஹெ காயிங்கா ஒராங்கா’. பொதுச் சுகாதாரப் பேராசிரியை பிலிப்பா ஹௌடன் சாப்மன் அதை வழிநடத்திவந்தவர். வீட்டுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பையும், அது ஏழைகளையும் சிறுபான்மையினரையும் எப்படிக் கூடுதலாகத் தாக்குகிறது என்பதையும் ஆராய்வதே அதன் வேலை.

1991 முதல் நியூசிலாந்தில் மெனிங்கோகோக்கல் எனும் மூளைக்காய்ச்சல் தொற்று பல ஆண்டுகள் நீடித்தது. கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர்கள் மாவோரி, பசிபிக் தீவுச் சிறுவர்கள். ‘அவர்களுடைய பழக்கவழக்கம் அப்படி’ என்று சொல்லிவிட்டுப் போவது எந்த நாட்டிலும் சுலபம். பின்னர் இக்குழுவின் இணை இயக்குநர்களில் ஒருவரான மைக்கல் பேக்கரும் அவரது சகாக்களும் ஒக்லாந்துச் சிறுவர்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, மிகப்பெரிய ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக வீட்டு நெரிசலை அடையாளம் காட்டியது. ஓர் அறைக்குப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதே அவர்கள் எடுத்த அளவு. அந்த எண் கையில் இருந்தால், ஒரு சமூகத்தின் மேல் சுமத்தப்படும் பழிக்கு மேடைப் பேச்சு இல்லாமலே பதில் சொல்லலாம். 2020இல் எம்மிடம் அப்படியோர் எண் இருக்கவில்லை. கோபம் மட்டும் இருந்தது.

ஒட்டாகோ குழுவின் அடுத்த வேலை இன்னும் முக்கியமானது. நியூசிலாந்தின் பழைய மரவீடுகள் குளிரும் ஈரமும் கொண்டவை. வறுமை கூடிய ஏழு பிரதேசங்களில், சுவாச நோயுள்ள ஒருவராவது இருக்கும் 1,350 வீடுகளைத் தெரிந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் பாதி வீடுகளின் கூரைக்குக் கீழும் தரைக்கு அடியிலும் குளிர்காப்புப் படை போடப்பட்டது. மறுபாதி வீடுகளுக்கு ஆய்வு முடிந்த பிறகு போட்டுக் கொடுத்தார்கள். பரிசோதனைக்காக எவரையும் ஏமாற்றவில்லை, வரிசையை மட்டும் குலுக்கித் தீர்மானித்தார்கள்.

2007இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் முடிவு வெளிவந்தது. படுக்கையறையின் வெப்பம் சராசரியாக அரைப் பாகை செல்சியஸ்தான் கூடியிருந்தது. அவ்வளவு சிறிய மாற்றத்துக்கே, தமது உடல்நலம் மோசம் என்று சொல்லும் வாய்ப்பும் பிள்ளைகள் பாடசாலைக்கு வராமல் நிற்கும் வாய்ப்பும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. ஆஸ்துமா உள்ள 409 சிறுவர்களின் வீடுகளில் நடந்த அடுத்த ஆய்விலும், நல்ல வெப்பமூட்டி கிடைத்த பிள்ளைகள் பாடசாலைக்கு வராத நாட்கள் குறைந்தன.

பாடசாலை வரவை ஓர் உடல்நல அளவுகோலாக அவர்கள் எடுத்துக்கொண்டதுதான், ஆசிரியத் தொழிலில் இருக்கும் என்னை நிறுத்தி வாசிக்க வைத்தது. மாணவர் வரவு இடாப்பை நாங்கள் தினமும் அடையாளமிடுகிறோம். மழைக்காலத்தில் வராமல் நிற்பவர்களின் பெயர்களைப் பார்த்தால், திரும்பத் திரும்ப அதே ஒழுகும் வீடுகளின் பிள்ளைகள். காரணம் கேட்டால் ‘இழுப்பு சேர்’, ‘காய்ச்சல் சேர்’. மாத முடிவில் அது ஒரு சதவீதமாகி வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகிறது. எந்தக் கூரைக்குக் கீழிருந்து அந்தப் பிள்ளை வராமல் நின்றது என்று எவரும் கேட்பதில்லை.

நியூசிலாந்தில் கேட்டார்கள். 2009இல் தேசியக் கட்சி அரசாங்கம், வீடுகளுக்குக் குளிர்காப்புப் போடும் பெரிய மானியத் திட்டத்தை ஆரம்பித்தது. செலவிட்ட ஒவ்வொரு டொலருக்கும் ஏறத்தாழ நான்கு டொலர் நன்மை, அதில் பெரும்பகுதி சுகாதாரத்தில் கிடைத்தது என்று மதிப்பீடு சொன்னது. தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்து 2017இல் வாடகை வீடுகளுக்கான ஆரோக்கிய வீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஜூலை 1க்குள் எல்லா வாடகை வீடுகளும் அந்தத் தரத்தை எட்ட வேண்டும் என்பது விதி. ஆட்சி மாறினால் முன்னைய அரசின் பெயர்ப்பலகையை முதலில் கழற்றும் எம் நாட்டவர்களுக்கு இது கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கும்.

எமக்கு அரைப் பாகை குளிர் ஒரு பிரச்சினை இல்லை. எமது கேள்விகள் வேறு: அஸ்பெஸ்டஸ் தகட்டின் கீழ் மதியச் சூடு, ஜன்னலில்லாத அறை, தேங்கும் தண்ணீரில் பெருகும் டெங்கு நுளம்பு, நெரிசலில் தொற்றும் காசம். 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் உடைக்கப்பட்ட காலத்திலிருந்து, கொழும்பின் தோட்டத்து மக்கள் பலர் தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டிருக்கிறார்கள். கழிவறையும் தண்ணீரும் வீட்டுக்குள் வந்தது நல்லதே. ஆனால் மின்தூக்கி பழுதானால் முழங்கால் வருத்தமுள்ள உம்மா பன்னிரண்டாம் மாடியிலேயே இருந்துவிடுகிறார். மூன்று பிள்ளைகளும் வாப்பும்மாவும் உள்ள குடும்பத்துக்கும் அதே இரண்டு அறைகள். நகர அபிவிருத்தி அதிகார சபை எத்தனை திறப்புகளைக் கையளித்தது என்று செய்தியில் வரும். குடிபோன பிறகு இழுப்பு குறைந்ததா, கூடியதா என்பது செய்தியில் வருவதில்லை.

அரசைக் குறைசொல்வது லேசு. எமது பள்ளிவாசல்களும் பைத்துல்மால்களும் கட்டிக்கொடுக்கும் வீடுகளிலும் இதே நிலைதான். கொடையாளியின் பெயர் பொறித்த கல் இருக்கும், குறுக்குக் காற்றுக்கு ஜன்னல் இருக்காது.

இருபது பேர் விண்ணப்பிக்க, இந்த வருடம் பத்து வீட்டுக்கே பணம் இருக்கிறது என்ற நிலை எந்த நிர்வாகத்துக்கும் புதிதல்ல. தேவையில் சமமாக இருப்பவர்களைக் குலுக்கிப் போட்டு, பத்துப் பேருக்கு இவ்வருடமும் மற்றப் பத்துப் பேருக்கு அடுத்த வருடமும் கட்டிக்கொடுத்தால், ஒட்டாகோ செய்ததன் சிறிய வடிவம் அதுவே. சிபாரிசுக் கடிதத்தோடு வருபவருக்கு முதல் வீடு போவதும் நின்றுவிடும். பத்து வீடுகள் எதையும் நிரூபிக்கப் போதாது. பத்து ஊர்கள் ஒரே படிவத்தைப் பாவித்தால் போதலாம்.

ஸகாத் பணத்தில் ஆய்வா என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். ஸகாத்துக்குரிய எட்டுக் கூட்டத்தாரில் ஆய்வாளர் இல்லை, அந்தப் பணத்தைத் தொடவும் தேவையில்லை. வரவு இடாப்பு பாடசாலையில் இருக்கிறது. பெற்றோர் சம்மதித்தால் அதிபர் எண்ணிக்கையைத் தரலாம். குடும்ப நல உத்தியோகத்தர் அந்த வீடுகளுக்கு எப்படியும் போகிறார். இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வருடாவருடம் இருக்கிறார்கள். அஸ்திவாரம் வெட்ட முன்னர் அவர்களில் இருவரைக் கூப்பிட்டு, அறைக்கு எத்தனை பேர், கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் மருந்தெடுத்தார்கள் என்று எழுதிவைக்கச் சொன்னால், ஒரு வருடம் கழித்து அதே இரண்டு கேள்விகளோடு திரும்பிப் போகலாம்.