பழைய கணினியும் புதிய பாடமும்



சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வருகையில் ஓர் அன்பர் என்னை நிறுத்தினார். "மகனின் மடிக்கணினி இனிப் பயன்படாது, புதியது வாங்குங்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். தாங்கள் லினக்ஸ் என்று ஏதோ கூறினீர்களே, அதை எங்கே கற்பது?" என்று வினவினார். வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் விடை கூற இயலவில்லை. ஆகவே இம்மாதம் அவ்விடையையே எழுதுகிறேன்.

அவர் வீட்டுக் கதைதான் என் வீட்டிலும் நிகழ்ந்தது. 'விண்டோஸ் 10' இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதற்கு அடுத்ததான 'விண்டோஸ் 11' பழைய கணினிகள் பலவற்றில் ஏறுவதில்லை. எங்களுடையதும் அவற்றுள் ஒன்று. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு அது இன்றியமையாதது. ஸ்ரீராமபுரத்தில் வாடகை கொடுத்து வாழும் எழுத்தனுக்குப் புதிய கணினி எளிதில் வாங்கத்தக்க பொருளா? அந்நிலையில்தான் லினக்ஸைத் தேடத் தொடங்கினேன்.

லினக்ஸ் என்பது யாது? 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், யாவரும் தடையின்றிப் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றை உருவாக்க 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் உட்கருவாகிய லினக்ஸை எழுதி வெளியிட்டார். இரண்டும் இணைந்ததே நாம் இன்று காண்பது. உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் எனப் பல பெயர்களில் அது கிடைக்கிறது. நம் நகருக்கும் அது புதிய விருந்தாளி அன்று. 2001-இலேயே 'லினக்ஸ் பெங்களூர்' என்ற மாநாடு இங்கே கூடியது.

நிற்க. கற்பதற்கு வருவோம். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இணையத்தில் தேடியபோது ஆங்கிலப் பாடங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. படித்தேன், பாதி விளங்கவில்லை. மகளிடம் கேட்க நாணமாயிருந்தது. இனி நமக்கு இது ஆகாது என்று எண்ணிய வேளையில், தமிழிலேயே பாடம் உண்டு என அறிந்தேன்.

முதலாவது, 'கணியம்'. 2012-இல் தொடங்கிய இத்தமிழ் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றியே எழுதி வருகிறது. அதன் வழியே வெளிவந்த, து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' என்னும் மின்னூலை விலையின்றிப் பெறலாம். கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுடன் அந்நூல் விளக்குகிறது.

இரண்டாவது, மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான 'ஸ்போக்கன் டுடோரியல்'. ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடும் சிறு சிறு காணொளிப் பாடங்கள் இவை. தமிழ்க் குரலிலும் உள்ளன. திரையின் ஒரு பாதியில் பாடத்தை ஓடவிட்டு, மறு பாதியில் அதையே செய்து பார்க்க வேண்டும். புரியாவிடில் நிறுத்தி மறுபடியும் கேட்கலாம். எந்த ஆசிரியரும் முகம் சுளிக்கப் போவதில்லை! பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாதபோதும் பயிலலாம்.

ஆங்கிலம் அறிந்த பிள்ளைகளுக்கு, லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2014 முதல் இலவசமாக நடத்திவரும் அறிமுகப் பாடம் ஏற்றது. இவையன்றி, 'மேன்' என்ற கட்டளையைத் தட்டச்சிட்டு அருகில் வேறொரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால், அதன் கையேடு திரையிலேயே விரியும்.

இனி, நான் பட்டு அறிந்த மூன்று எச்சரிக்கைகள்.

முதலில் பாடத்தின் தேதியைப் பாருங்கள். பழைய கால அட்டவணையை நம்பி ரயில் நிலையம் சென்றவர் கதை நமக்குத் தெரியாததா? இணையப் பாடமும் அத்தகையதே. உபுண்டுவின் பதிப்பெண்ணே காலத்தைச் சொல்லிவிடும், 24.04 எனில் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வந்தது என்று பொருள். என்றோ வந்த பதிப்புக்கான பாடத்தைப் பின்பற்றி இரண்டு ஞாயிறுகளை வீணாக்கினேன்.

அடுத்து, பொருள் அறியாத கட்டளையை எவர் கூறினும் இடாதீர்கள். கோப்புகளை அழிக்கும் கட்டளைகளும் உண்டு.

மூன்றாவதே முதன்மையானது. கணினியில் உள்ளவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொண்ட பின்னரே புதியதை நிறுவுங்கள். நான் அவசரத்தில் 'வட்டு முழுவதையும் அழிக்க' என்பதைத் தெரிந்தெடுத்துவிட்டேன். மறைந்த என் தாயாரின் படங்கள் அதிலேதான் இருந்தன. ஜோலார்ப்பேட்டையிலுள்ள தம்பி தன்னிடமிருந்த சிலவற்றை அனுப்பினான்; மற்றவை போனவை போனவையே. இல்லாள் ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று. பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கும் வசதி உண்டு. வட்டைத் தொடாமல் சில நாள் அவ்வாறு பழகியிருப்பின் இத்துன்பம் நேர்ந்திராது.

இன்று அப்பழைய கணினியில் மகள் பள்ளிக் கட்டுரைகளை எழுதுகிறாள். சென்ற வாரம் அடுத்த வீட்டுக் கன்னடச் சிறுவன், "இதென்ன அங்கிள்?" என்று கேட்டான். அதே பாடத்தைக் கன்னடக் குரலில் எடுத்துக் கொடுத்தோம், அமர்ந்து கேட்டான். என் மகளோ தமிழ்ப் பாடத்தைக் கேட்டபடி, 'கோப்புறை', 'கட்டளை' என்ற சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பள்ளியில் தமிழ் பயிலாத பிள்ளை அவள். இந்த இலாபத்தை நான் கணக்கிட்டிருக்கவில்லை.

அன்பர்களே, வீட்டில் பழைய கணினி முடங்கிக் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். முதலில் பிரதி எடுங்கள். பிறகு நாளொன்றுக்கு ஒரு பாடம் கேளுங்கள். ஐயம் உள்ளவர்கள் அடுத்த கூட்டத்திற்குக் கணினியுடனேயே வாருங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைச் சேர்ந்து கற்போம்.

மீண்டும் அடுத்த திங்கள் சந்திப்போம்.