காகிதப் படகு: கடையில வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கல்யாணப் பத்திரிகையை வெட்டிப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி. அக்காவிடமிருந்து போன். "பாப்பா நாளைக்கு ஸ்கூலுக்கு போட் மாடல் கொண்டு போகணுமாம். உங்க ஏரியா ஸ்டேஷனரி கடை திறந்திருக்கா பாரு." திறந்திருந்தது. தெர்மாகோலில் செய்து, பெயின்ட் அடித்து, கொடியும் குத்திய படகு ரெடியாகத் தொங்கியது. வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் 'புராஜெக்ட்' முடிந்தது. அவள் அதில் கையே வைக்கவில்லை.

அந்தக் குற்ற உணர்ச்சியில், அடுத்த வாரம் நாங்களே செய்து பார்த்தோம்.

முதலில் நியூஸ்பேப்பரில் கத்திக் கப்பல். பக்கெட்டில் விட்ட கொஞ்ச நேரத்திலேயே அடி தொய்ந்துவிட்டது. (நாளிதழில் வேலை பார்த்துக்கொண்டு இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனா, ஆன்லைன் எடிஷன்ல கப்பலே செய்ய முடியாதே!)

எடை அதிகமா? இல்லை. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாளின் எடையே 5 கிராம்தான். 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் தண்ணீரை விலக்கினால் போதும், மிதந்துவிடும். பிரச்சினை ஈரம். காகிதம் என்பது நார்களின் பின்னல். நடுவில் தண்ணீர் புகுந்தால் நார்களின் பிடி தளர்ந்துவிடும். தண்ணீரைத் தடுக்கும் பூச்சு நியூஸ்பேப்பரில் குறைவு என்பதால் அது இன்னும் சீக்கிரம் ஊறும்.

அதனால் அடுத்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. 21 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலத்தில் வெட்டி, இரண்டு பக்கமும் மெழுகுவத்தியை அழுத்தித் தேயுங்க. நாலு ஓரத்தையும் 3 செ.மீ. மேல்நோக்கி மடிங்க. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றோம்: மூலையில் கத்தரிக்கோல் வைத்து வெட்டி, பசை போட்டு ஒட்டுறோம். வெள்ளைப் பசை தண்ணீரில் இளகும், அந்த வெட்டு வழியாகத்தான் ஒழுகும். வெட்டவே வேண்டாம். மூலையைக் காது மாதிரி கிள்ளி மடித்து, பக்கச் சுவரோடு சேர்த்து மேல் விளிம்பில் ஸ்டேப்ளர் அடிங்க. ஓட்டை தண்ணீருக்கு மேலேயே இருக்கும். மடித்த இடங்களில் மெழுகு உதிரும், அங்க மட்டும் இன்னொரு முறை தேய்ச்சுடுங்க. பார்க்க தெப்பம் மாதிரிதான் இருக்கும், பரவாயில்லை.

இப்போ கணக்கு. அடிப்பக்கம் 15-க்கு 6, அதாவது 90 சதுர செ.மீ. படகு ஒரு செ.மீ. இறங்கினால் 90 கிராம் சுமக்கிறது என்று அர்த்தம். பித்தளை நிற 5 ரூபாய் காசு சுமார் 6 கிராம். சுவர் 3 செ.மீ. என்பதால், 40 காசு வரை தாங்கணும். பாப்பா உண்டியலை உடைத்தாள். 22-வது காசில் கவிழ்ந்தது!

"சித்தி, உன் கணக்கு தப்பு" என்றாள். கணக்கு சரிதான். காசுகள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருந்தன. சாய்ந்த பக்கச் சுவர் வழியாகத் தண்ணீர் ஏறிவிட்டது. அதை நான் சொல்லவில்லை. கவிழ்ந்த படகை எடுத்துப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள்.

தெர்மாகோல் படகு இதைச் சொல்லிக் கொடுக்காது, ஏன்னா அது என்ன செஞ்சாலும் மிதக்கும். பள்ளிகளிடம் எனக்கு இருக்கும் வருத்தமும் இதுதான். பெயின்டையும் கொடியையும் பார்த்து மார்க் போட்டால், பெற்றோர் கடைக்குத்தான் ஓடுவார்கள். அழகுக்கு மார்க்கே வேண்டாம். வகுப்பறையில் ஒரு டப் தண்ணீர் வைத்து, எத்தனை காசு தாங்குது என்று பார்க்கட்டும். அன்றைக்கே, அங்கேயே பிள்ளைகள் செய்யட்டும். செலவும் மிச்சம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: தெருவில் தேங்கிய மழைத் தண்ணீரில் விட வேண்டாம், எலிக்காய்ச்சல் ஆபத்து இருக்கு. பக்கெட் போதும்.

இரண்டாவது படகில் காசுகளைப் பரப்பி, டபுள் டேப் போட்டு ஒட்டினாள். 31 தாங்கியது. மூன்றாவதுக்கு வீட்டில் பத்திரிகை தீர்ந்துபோச்சு. இப்போ அக்காவின் பீரோவில் இருக்கும் அவள் கல்யாணப் பத்திரிகை மேல கண் வைத்திருக்கிறாள்.