இலாபம் எங்கே பிறக்கிறது?

சிமெண்டு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்: சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் சூளையில் வெந்து பிறக்கிறது. சிமெண்டுக் கம்பெனியின் இலாபம் எங்கே பிறக்கிறது என்று கேட்டால், பி.ஏ. படித்த தகப்பனாரும் சற்றுத் தயங்குவார். அதில் பெரும் பங்கு சூளையில்தான் பிறக்கிறது. ஆனால் ஒரு பங்கு கணக்கரின் மேஜை மேல் பிறக்கிறது.

இவ்விஷயம் நமக்கு அந்நியமானதன்று. 1946-இல் சங்கரலிங்க ஐயர் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், திருநெல்வேலிச் சீமையில் தாழையூத்தில் ஆலை கண்டது. 1957-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மெட்ராஸ் சிமெண்ட்ஸை நிறுவினார். இத்தகைய கம்பெனிகளின் பங்குகளில் நேராகவோ, பரஸ்பர நிதிகளின் வழியாகவோ, இன்று எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு இருக்கிறது. ஆண்டறிக்கை வந்தால் என்ன செய்கிறோம்? படங்களைப் பார்க்கிறோம், இலாபம் எவ்வளவு, டிவிடெண்டு எவ்வளவு என்று பார்க்கிறோம், மூடிவிடுகிறோம். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் “முக்கியமான கணக்கியல் கொள்கைகள்” என்று ஒரு பகுதி இருக்கிறது. இலாபத்தின் பிறப்புச் சான்றிதழ் அதுவே.

வெம்பாக்கம், ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சேலை விற்ற பணத்தில் பட்டு, ஜரிகை, கூலி ஆகியவற்றைக் கழித்து, மிச்சத்தை இலாபம் என்கிறார். அவரை மூன்று கேள்விகள் கேட்கலாம். தறி தேய்ந்ததே, அதைக் கழித்தீரா? பெட்டியில் விற்காமல் கிடக்கும் சேலைகளுக்கு என்ன விலை போட்டீர்? கடன்காரரோடு பஞ்சாயத்தில் ஒரு வழக்கு நிற்கிறதே, தோற்றால் கொடுக்க வேண்டியதை எங்கே எழுதினீர்? மாபெரும் சிமெண்டு ஆலையும் இதே மூன்று கேள்விகளுக்குத்தான் விடை சொல்லவேண்டும்.

முதலாவது, தேய்மானம். 30 லட்ச ரூபாய்க்கு ஒரு யந்திரம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மிச்ச விலையை விட்டுவிட்டு, அதன் ஆயுள் 15 வருஷம் என்று கொண்டால், வருஷத்துக்கு 2 லட்சம் கழியும். 25 வருஷம் என்று கொண்டால் 1 லட்சத்து 20 ஆயிரந்தான் கழியும். யந்திரம் அதேதான், அதன் ஓட்டமும் அதேதான், ஆனால் காகிதத்தில் 80 ஆயிரம் ரூபாய் இலாபம் ஏறிவிட்டது! 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் பொதுவான யந்திரங்களுக்கு 15 வருஷமும், இடைவிடாது ஓடும் ஆலைகளுக்கு 25 வருஷமும் ஆயுள் குறித்திருக்கிறது. வேறு ஆயுள் கொள்ளும் கம்பெனி அதற்குரிய தொழில்நுட்பக் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

இரண்டாவது, கையிருப்பு. குவிந்திருக்கும் நிலக்கரிக்கும் கிளிங்கருக்கும் சிமெண்டு மூட்டைகளுக்கும் மனம்போல் விலை போட முடியாது. அடக்க விலை, விற்றால் கையில் நிற்கும் விலை, இவ்விரண்டில் எது குறைவோ அதுவே கணக்கில் ஏறவேண்டும். வராத இலாபத்தை வந்ததாக எழுதக்கூடாது என்பதே இதன் தத்துவம்.

மூன்றாவதுதான் மிகவும் நுட்பமானது. 2012 ஜூன் மாதத்தில் இந்தியப் போட்டி ஆணையம், விலையில் கூடிச் செயல்பட்டதாகச் சொல்லி 11 சிமெண்டுக் கம்பெனிகளுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதில் இந்தியா சிமெண்ட்ஸின் பங்கு 187.48 கோடி, பின்னர் ராம்கோ சிமெண்ட்ஸ் என்று பெயர் மாறிய மெட்ராஸ் சிமெண்ட்ஸின் பங்கு 258.63 கோடி. கம்பெனிகள் மறுத்து வழக்காடின. 2015-இல் உத்தரவு ரத்தாயிற்று; 2016-இல் மறுபடி விதிக்கப்பட்டது; 2018-இல் மேல்முறையீட்டு மன்றம் அதை உறுதி செய்யவே, வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது.

இத்தொகையை எங்கே எழுதுவது? கொடுக்க நேரும் என்பதே அதிகச் சாத்தியமானால், இலாபத்திலிருந்து கழித்து ஒதுக்கவேண்டும். நேராது என்று சட்ட நிபுணர்கள் கருதினால், கழிக்காமல் குறிப்பில் மட்டும் தெரிவித்தால் போதும். தன் பக்கம் நியாயம் இருப்பதாகக் கருதிய ராம்கோ, இரண்டாவது வழியையே கொண்டது. இதில் ஒளிவு மறைவு ஏதுமில்லை. விதி அனுமதித்த வழிதான். ஆயினும், முதற் பக்கத்து இலாபத்தை மட்டும் பார்த்தவருக்கு, 258 கோடி ரூபாய் வழக்கொன்று வாசலில் நிற்பது தெரியாது. குறிப்பைப் படித்தவருக்குத் தெரியும்.

பெயரை நம்பிக் கணக்கைப் பாராதிருந்ததன் பலனைச் சென்னை அறியும். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு மூழ்கியது. அத்துயரத்திலிருந்தே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால், 1907-இல் இந்தியன் வங்கி எழுந்தது.

ஆகவே பங்கு வைத்திருக்கும் அன்பர்கள் மூன்று இடங்களையாவது பார்க்கவேண்டும். சென்ற வருஷத்துக் கொள்கை இவ்வருஷம் மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் இலாபம் அதனால் எவ்வளவு கூடிற்று? குறிப்பில் நிற்கும் வழக்குத் தொகைகள் ஒரு வருஷ இலாபத்தில் எத்தனை பங்கு? ஆடிட்டர் எதையேனும் தனியே சுட்டிக் காட்டுகிறாரா?

கம்பெனிகளுக்கும் ஒரு விண்ணப்பம். தமிழ்நாட்டுச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி, தமிழ்நாட்டாரின் சேமிப்பையும் கொண்டு தொழில் நடத்துகிறீர்கள். இந்தக் கொள்கைகளையும் குறிப்புகளையும் நாலு பக்கம் எளிய தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன? புருஷன் விட்டுப்போன பங்குகளை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் விதவைத் தாய்க்கு, தன் பணம் எப்படி எண்ணப்படுகிறது என்று தன் பாஷையில் அறிந்துகொள்ள உரிமை உண்டு.