எட்டு யூனிட்டுக்கு இத்தனை பேச்சா?

தென்னேரியில் உறவினர் வீட்டு வளைகாப்பு. பந்தி நடக்கும்போது கரண்ட் போய்விட்டது. இலையை மடித்துக்கொண்டே படித்த பிள்ளை ஒருவர் ஆரம்பித்தார்: "இன்னும் கொஞ்ச வருஷம்தான் சித்தப்பா. சூப்பர் கண்டக்டர் வந்துட்டா கரண்டைக் காந்தச் சுருள்ல சுத்தி வெச்சுக்கலாம். ஆரல்வாய்மொழிக் காத்து ஆடியில அடிக்கிறதைப் புடிச்சு வெச்சு சித்திரையில எடுத்துக்கலாம்." பந்தியே தலையாட்டியது. எனக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 2023-இல் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருள் சூப்பர் கண்டக்டர், அதாவது மீக்கடத்தி, என்று அறிவிப்பு வந்தபோதும் இதே தலையாட்டல்தான். சில வாரங்களில் உலக ஆய்வகங்கள் அது மீக்கடத்தியே இல்லை என்று காட்டிவிட்டன. நம்பிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பிள்ளை சொன்ன காந்தச் சுருளை மின்தொடரமைப்பில் உண்மையாகவே மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1983-இல், அமெரிக்காவின் டக்கோமா துணைமின் நிலையத்தில். கலிபோர்னியாவுக்குப் போகும் நீண்ட மின்தடத்தில் ஏற்பட்ட அலைவை அடக்குவதற்காக வைத்தார்கள். திறன் 10 மெகாவாட். கேட்டால் பெரிதாக இருக்கிறதல்லவா? அது சேமித்து வைத்தது 30 மெகாஜூல். நம் வீட்டு மீட்டர் கணக்கில் எட்டு யூனிட்டும் கொஞ்சமும். முழு வேகத்தில் கொடுத்தால் மூன்றே விநாடியில் காலி. ஒரு ஏசி ஒரு ராத்திரி ஓடினால் தீர்ந்துபோகும் கரண்ட் அது. அந்த எட்டு யூனிட்டைக் காட்டித்தான் ஆடிக்காற்றைச் சித்திரைக்குக் கொண்டுவருவோம் என்கிறார்கள். நம் நாட்டிலும் கொல்கத்தாவில் அணுசக்தித் துறையின் சைக்ளோட்ரான் மையம் 0.6 மெகாஜூல் சுருள் ஒன்றைச் செய்தது. விஞ்ஞானிகளின் உழைப்பை வணங்குகிறேன். ஆனால் அது ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு. மெகாவாட்டுக்கும் மெகாஜூலுக்கும் வித்தியாசம் பார்க்காமல் தலைப்புப் போடும் பத்திரிகைகளுக்கும் இந்த ஏமாற்றத்தில் பங்கு உண்டு.

"தடையே இல்லாத கம்பி, நஷ்டமே இல்லை" என்பார்கள். கம்பிக்குள் இல்லைதான். ஆனால் நியோபியம்-டைட்டானியம் கம்பி மீக்கடத்தியாக இருக்க, திரவ ஹீலியத்தில், அதாவது மைனஸ் 269 டிகிரியில், முக்கி வைக்க வேண்டும். அங்கே கசிந்து நுழையும் ஒரு வாட் வெப்பத்தை வெளியே தள்ள, இங்கே சில நூறு வாட் மின்சாரம் செலவாகும். பகலும் இரவும், சுருளில் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆடியிலிருந்து சித்திரை வரை அந்தக் குளிர்ப்பெட்டிக்கு யார் பில் கட்டுவது? ஹீலியத்தையும் நாம் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம். ஊருக்கே போதுமான சுருள் செய்ய அமெரிக்காவில் வரைபடம் போட்டார்கள். கிலோமீட்டர் கணக்கில் விட்டம், காந்த விசை சுருளைப் பிய்த்தெறியாமல் தாங்கப் பாறையைக் குடைந்து புதைக்க வேண்டும். யாரும் கட்டவில்லை.

இந்தச் சுருளின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. கண்ணிமைக்கும் நேரம் மின்னழுத்தம் சரிந்தாலே உற்பத்தி கெட்டுப்போகும் ஆலைகளில், மில்லி விநாடியில் இது கைகொடுக்கும். ஜப்பானில் கமெயாமா எல்சிடி ஆலையில் அதற்காகத்தான் வைத்தார்கள். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஓர் ஆலை தன் காசில் வைத்துக்கொள்ளட்டும். ஊர் இருட்டுக்கு மருந்தாக அதை விற்காதீர்கள். தென்னேரி ஏரிப் பாசனத்துக்குச் செம்பில் மொண்டு ஊற்றுகிற கதை அது.

சேமிப்பு வேண்டுமா? ஆழியாற்றுக்கு மேலே காடம்பாறையைப் போய்ப் பாருங்கள். கரண்ட் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுகிறார்கள், தேவைப்படும் நேரத்தில் இறக்குகிறார்கள். 100 மெகாவாட் எந்திரங்கள் நான்கு, 1980களின் கடைசியிலிருந்து. நான்கும் ஒரு மணி நேரம் ஓடினால் நாலு லட்சம் யூனிட். டக்கோமா சுருள்கள் நாற்பத்தெட்டாயிரம் வைத்தால்தான் ஈடாகும். அதை வைத்திருக்கும் மாநிலத்தில் நின்றுகொண்டு "கரண்டைச் சேமிக்கவே முடியாது, புதுசா ஏதாவது வரணும்" என்று பேசுவது வெட்கக்கேடு. அதே வகையில் நீலகிரியில் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட குந்தா ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அதைக் கேட்க நமக்கு வாய் வரவில்லை. பருவக்காற்று வேகமாக வீசும் மாதங்களில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்களே, அதையும் கேட்கவில்லை. 2012-இல் பாதி நாள் இருட்டில் கிடந்தபோதும் யாரோ வந்து காப்பாற்றுவார்கள் என்றுதான் உட்கார்ந்திருந்தோம்.

தறி விஷயத்திலும், புதுசாக ஏதோ வந்து காப்பாற்றும் என்ற இதே புத்திதான். மின்னணு ஜக்கார்டு வந்தால் நெசவாளர் வாழ்ந்துவிடுவார் என்று பேசுகிறோம். கூலி உயர்வைப் பேசுவதில்லை. 2023-இல் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் என்று உயர்த்தினார்கள், நல்லது. ஆனால் ஐப்பசி மாலையில் வோல்டேஜ் இறங்கி டியூப்லைட் துடித்தால், அரக்குப் பாவில் அறுந்த இழை எங்கே என்று குழித்தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? கோர்வை பிசகினால் கூலியில் பிடித்தம் அவருக்குத்தான். அவர் தெருவுக்கு இன்னொரு டிரான்ஸ்பார்மரும் தடித்த கம்பியும் போடுங்கள். இரண்டுக்கும் ஹீலியம் வேண்டாம், விஞ்ஞானம் முன்னேறும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.