பல் விஷயம்

வடுகபட்டிச் சந்தையில் பூண்டுப் பல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிற நம்மாளு, பையன் பல்லுக்கு ஆஸ்பத்திரியில் நீட்டுகிற பேப்பரில் மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்.

சார், கொஞ்சம் பொறுங்க!

பொடியனுக்கு ஏகப்பட்ட சொத்தை, உட்கார மாட்டான் என்றால் முழு மயக்கம்தான். மூச்சுக்கு ஒரு குழாய் வேண்டும். வாய் வழியே விட்டால் பல் டாக்டருக்கு இடைஞ்சல். கடி சரியா என்று பார்க்க முடியாது. அதனால் பெரும்பாலும் மூக்கு வழி. அதில் ரத்தம் வரலாம். உள்ளே அடினாய்டு சதை வீங்கியிருந்தால் வாயே மேல் என்பார்கள்.

சைஸுக்குக் கணக்கு உண்டு. வயதை 4-ஆல் வகுத்து 4-ஐக் கூட்டணும். 4 வயசுக்கு 5 மி.மீ. நுனிப் பக்கம் குட்டி பலூன் வைத்த குழாய் என்றால் அரை மி.மீ. குறைவு.

அது டாக்டர் பாடு. உங்க பாடு? குறட்டை, சளி, மூக்கில் ரத்தம், ஆடுகிற பல் எல்லாவற்றையும் மயக்க டாக்டரிடம் ஒப்பித்துவிடுங்கள். எந்த வழி, ஏன் என்றும் கேளுங்கள்.

கையெழுத்து அப்புறம்!