பக்கத்து ஊருக்கு இருபதாயிரம் கிலோமீட்டர்

சிறுவயதில் உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்து ஊருக்கு ஊர் தூரம் பார்ப்பேன். நூல் விறைப்பாக நிற்கும் வழிதான் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி. நெடுந்தூர விமானங்களும் கூடியவரை அந்த வழியை ஒட்டியே பறக்கின்றன. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

இந்த வாரம் நூல் போய் நின்றது பெரிங் கடலில். இந்தப் பக்கம் அலாஸ்காவின் நோம்; அந்தப் பக்கம் ரஷ்யாவின் சுகோத்காவில் புரொவிதேனியா. சில ஆயிரம் பேர் வாழும் ஊர்கள். நாட்டின் பிற பகுதிகளோடு சேர்க்கும் சாலை இரண்டுக்குமே இல்லை. இடையே ஏறத்தாழ 375 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட்டுக்கு அரை மணி நேரம்கூட வேண்டாம். மேலேறவும் தரையிறங்கவும் பிடிக்கும் நேரத்தைச் சேர்த்தால் முக்கால் மணி என்று வைத்துக்கொள்ளலாம். நடுவே தேதிக்கோடு ஓடுவதால், கோடையில் திங்கள் காலை பத்து மணிக்கு நோமில் ஏறினால் இறங்குமிடத்தில் செவ்வாய் காலை ஏழாகக்கூட ஆகியிருக்காது.

இந்த முக்கால் மணிப் பயணத்துக்காக நாற்பது ஆண்டு காத்திருந்த மக்கள் அங்கே உண்டு. கடலின் இரு கரையிலும் வாழும் யூப்பிக் பழங்குடியினருக்கு மொழி ஒன்று, உறவுமுறை ஒன்று. தோல் படகுகளில் போய்வந்து கொண்டிருந்தவர்கள். பனிப்போர் முற்றி 1948-இல் எல்லை மூடப்பட்டதும் அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. இரும்புத்திரை போல இதைப் 'பனித்திரை' என்றார்கள். 1988 ஜூன் 13 அன்றுதான் நோமிலிருந்து ஒரு விமானம் 'நட்புப் பயணம்' என்ற பெயரில் புரொவிதேனியாவில் போய் இறங்கியது. அதில் யூப்பிக் மக்களும் இருந்தார்கள். பல ஆண்டுகளாகப் பிரிந்திருந்த சொந்தங்களை நேரில் பார்த்தார்கள். மறு ஆண்டே, இரு கரைப் பழங்குடியினரும் விசா இல்லாமல் உறவினரைப் பார்த்துவர இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்தன. வல்லரசுகள் செய்த நல்ல காரியங்களைப் பட்டியல் போட்டால் இதை மேலே வைப்பேன்.

2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே நேர் விமான சேவை நின்றுவிட்டது. இப்போது வழி எப்படி என்று கணக்குப் போட்டேன். நோமிலிருந்து ஆங்கரேஜ், அங்கிருந்து சியாட்டில், இஸ்தான்புல், மாஸ்கோ. மாஸ்கோவிலிருந்து அனாதிர் மட்டுமே சுமார் 6,200 கிலோமீட்டர். அதன்பின்னும் சிறு விமானத்தில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். கூட்டினால் 21,000 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர்தான். பக்கத்துக் கரையில் இருக்கும் மாமன் வீட்டுக்குப் போக உலகத்தில் பாதியைச் சுற்றச் சொல்வது அநியாயம்.

போரில் யார் பக்கம் நியாயம் என்ற வழக்கு நடக்கட்டும். அதற்காக இந்த மக்களைக் காத்திருக்க வைக்கவேண்டாம். 1988-இல் அந்த விமானத்துக்கு அனுமதி தந்தபோதும் இரு நாடுகளும் ஒன்றையொன்று நோக்கி அணு ஏவுகணைகளை நிறுத்தித்தான் வைத்திருந்தன.